வானொலி வலு விரியலாக்கி: ஆக்கலும் பழுதறிதலும்

இலங்கையிலே வானொலி பிறந்தது பெருந்தொழிற்சாலையொன்றில் அன்று. 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிற்றறையொன்றில், அவ்வலுவலகத்துப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் என்பார், சிறைப்பிடிக்கப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியிலிருந்து கழற்றிய உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பியொன்றை அமைத்து, கிராமபோன் இசையை வானிலே விடுத்தார். முறைப்படியான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாளிலேயே தொடங்கிற்று. கிடைத்த உறுப்புகளைக் கொண்டு, தாமே கணித்து, தாமே பற்றாசு வைத்து, தாமே பழுது கண்டு திருத்தும் அம்மரபை இன்றும் பேணி வருவோர் வானொலி ஆர்வலர். ஊதியங் கருதாது, அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று, தத்தம் இல்லங்களிலிருந்தே உலகோடு செய்தி பரிமாறும் இவர்களை ‘ஹாம்’ என்னும் பெயராலும் வழங்குவர். இவர்தம் கருவிகளுள் மாணவர் பெரிதும் அஞ்சுவது வலு விரியலாக்கி. அஞ்ச வேண்டியதும் அதுவே. ஆயின் அதன் கணக்கை விளங்கிக்கொண்டார்க்கு அதனைப்போல் ஒளிவு மறைவின்றிப் பேசும் கருவி வேறில்லை. அதனைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறக் கருதுகின்றோம்.

கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்க இஃது எதற்கு என்பார் உளர். அவர்க்கு இரண்டு ஆண்டுகளை நினைவூட்டுவோம். 1990ஆம் ஆண்டு முதலாகப் பல்லாண்டுகள் நமது குடாநாடு நாட்டின் பொது மின்வழங்கலினின்றும் துண்டுண்டு கிடந்தது. பற்றரிகளும் வரத் தடைப்பட்ட அந்நாட்களிலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை என்பதைப் பழைய மாணவர் அறிவர். மின் எங்கிருந்து பிறக்கின்றது, எங்கே செலவாகின்றது என்பதை அக்காலத்துப் பிள்ளைகள் பாடநூலிற் படித்தறியவில்லை, காலால் மிதித்தறிந்தனர். மற்றையது 2004. அவ்வாண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்குக் கரையையும் அழித்தது. தீவின் தென்கரையையும் அழித்தது. அம்பாந்தோட்டையிலே தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போன வேளையில், இலங்கை வானொலிச் சங்கத்து ஆர்வலர் சிற்றலைக் கருவிகளோடு அங்குச் சென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர். 7 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய அலை பகற்பொழுதிலே மேனோக்கிச் சென்று, அயன்மண்டலத்திற் பட்டு மீண்டு, இத்தூரத்தை எளிதிற் கடக்கும். இடையிலே கோபுரமும் வேண்டா, கம்பியும் வேண்டா.

விரியலாக்கியைத் தொடுமுன் ஒன்று சொல்லவேண்டும். வலுவை ஐந்து உவாற்றிலிருந்து ஐம்பது உவாற்றாகப் பெருக்கினால், கேட்பவர் காதிலும் பத்து மடங்கு பெருகுமென்று பலர் எண்ணுகின்றனர். பத்து மடங்கு வலு என்பது பத்து தெசிபெல். ஏற்கும் கருவியின் மானியிலே ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் இடையே ஆறு தெசிபெல் என்பது வழக்கு. ஆகவே முள் இரண்டு குறிகள்கூட ஏறாது. அந்த இரண்டு குறி, இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும் செய்தியைக் கரையேற்றப் போதுமானது என்பதும் உண்மையே. ஆயினும் ஏரியல் சரியில்லாதவன் விரியலாக்கிக்குச் செலவு செய்வது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய துலா போடுவதை ஒக்கும். 7 மெகாஹேட்சுக்கு அரையலை ஏரியலின் நீளம் ஏறக்குறைய 66 அடி. நம் ஊர் வளவுகளிலே இரண்டு பனைகளுக்கிடையே 40 அடி உயரத்தில் அதனைக் கட்டிவிடலாம். காற்றிலே பனை ஆடும்போது கம்பி அறாதிருக்க, ஒரு முனையைக் கப்பியூடாகக் கீழிறக்கி ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடல் நன்று. இதனைச் செய்து முடித்தவரே மேலே படிப்பாராக.

இனி வால்வு. வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குழாயினுள்ளே சூடேற்றிய கதோட்டிலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு, நேரழுத்தமுள்ள அனோட்டைச் சென்றடைகின்றன. பிளெமிங் 1904இல் அமைத்த குழாய் இவ்வளவே. இவ்விரண்டுக்கும் நடுவே கம்பிச் சல்லடையொன்றை இட்டவர் அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற், ஆண்டு 1906. இச்சல்லடைக்கு இலங்கைப் பாடநூல்கள் வழங்கும் பெயர் நெய்யரி. நன்னூலார் கடைமாணாக்கனுக்கு உவமையாகக் கூறிய அதே நெய்யரிதான். அங்கே அது நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைப் பற்றிக்கொள்வதால் இழிவெய்திற்று. இங்கோ, சிறிய அழுத்தமொன்றால் பெரிய ஓட்டமொன்றைத் திறந்தும் மூடியும் ஆள்வதால் தலைமாணாக்கனாய் உயர்ந்துவிட்டது. பிற்காலத்து வால்வுகளிலே அனோட்டுக்கு முன்னால் திரை நெய்யரி என்னும் இரண்டாஞ் சல்லடையும் உண்டு. அது நேரழுத்தம் பெற்று இலத்திரன்களை இழுத்துவிடும். அனோட்டுக்கும் முதல் நெய்யரிக்கும் இடையே மறைப்பாகவும் நிற்கும்.

எடுத்துக்காட்டாக 807 என்னும் வால்வைக் கொள்வோம். 1930களின் நடுவில் அமெரிக்காவிலே தோன்றி, இரண்டாம் உலகப் போரிலே பெருந்தொகையாக வழங்கி, போர் முடிந்தபின் உலகெங்கும் மலிவு விலையிலே ஆர்வலர் கைக்கு வந்தது இது. இதே தன்மையதாகச் சீனாவிலே செய்யப்பட்டது எஃப்.யூ. 7 எனப் பெயர் பெறும். இதனினும் உயர்ந்த மீடிறன்களுக்கு ஏற்றதாய் 1952இல் வந்த 6146, இன்றும் பழைய கருவிகளிற் காணப்படுவது. 807இன் அடியில் ஐந்து கால்கள். அனோட்டு மாத்திரம் உச்சியில் ஒரு தொப்பியாக இருக்கும். இழைக்கு 6.3 உவோல்ற்று, 0.9 அம்பியர்.

இவ்வால்வை மோர்சுத் தந்திக்குப் பயன்படுத்தும்போது அதன் வரவுசெலவு இவ்வாறு அமையும். அனோட்டுக்கு 750 உவோல்ற்று. ஓட்டம் 100 மில்லியம்பியர். ஆகவே உட்செல்லும் வலு 75 உவாற்று. ஏரியலுக்குப் போவது ஏறக்குறைய 50 உவாற்று. மிகுதி 25 உவாற்று எங்கே? அனோட்டிலே வெப்பமாகின்றது. இடைவிட்ட இயக்கத்திலே இவ்வால்வின் அனோட்டு தாங்கக்கூடிய வெப்பம் 30 உவாற்று என்பது ஆக்கியோர் விதித்த எல்லை. இனி எக்காரணத்தாலேனும் ஏரியலுக்குச் செல்லவேண்டிய 50 உவாற்று செல்லாது தடைப்பட்டால், 75உம் அனோட்டிலேயே தங்கும். தகடு செந்நிறமாகும். வலு விரியலாக்கியின் பழுதுகளிற் பெரும்பாலானவை இக்கணக்கின் ஏதோவொரு வரி பிசகியதாலே வருவன. ஆதலால் அனோட்டோட்டம், நெய்யரியோட்டம், திரையோட்டம் என்னும் மூன்றையும் அளக்க மூன்று மானிகளோ, ஆளியால் மாற்றக்கூடிய ஒரு மானியோ இன்றி இக்கருவியை அமைக்கத் துணிதல் கூடாது. மானிக்குச் செலவு செய்ய மனமில்லாது வால்வுக்கு மேல் வால்வாக வாங்குவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

திரான்சிற்றர் விரியலாக்கிகள் இதனினும் சிறியன, 12 உவோல்ற்றிலேயே இயங்குவன, மலிவுமானவை. அவற்றை இகழ்வதற்கில்லை. ஆயினும் கற்போனுக்கு வால்வே சிறந்த ஆசிரியன் என்பது நம் துணிபு. திரான்சிற்றர் பிழையான சுமையைக் கண்டால் இமைப்பொழுதில் மாண்டுவிடும். மாண்டதற்கு அடையாளமும் காட்டாது. வால்வோ சிவந்து காட்டும். சில விநாடி பொறுக்கும். அதற்குள் ஆளியை அணைப்பவனுக்கு வால்வும் தப்பும், பாடமும் கிட்டும்.

ஆயின் திரான்சிற்றரிடத்தில் இல்லாத ஒரு கொடுமை வால்விடத்தில் உண்டு, அதுவே உயரழுத்தம். 750 உவோல்ற்று கையிற் பட்டால் மனிதன் பிழைப்பது அருமை. மின்வழங்கியை நோக்குக. 600-0-600 உவோல்ற்று நிலைமாற்றியிலிருந்து சீராக்கிய அழுத்தம் சுமையில்லாதபோது 848 உவோல்ற்று வரை ஏறும். அதனைச் சமப்படுத்தும் மின்பகு கொள்ளளவிகள் கடையிற் கிடைப்பவை 450 உவோல்ற்றுக்கு மேற்படா. ஆகவே 100 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவிகள் மூன்றைத் தொடராக இணைத்தல் வேண்டும். மொத்தக் கொள்ளளவு 33 மைக்கிரோபரட்டாகும். இவை ஏற்றம் பெற்று நிற்கும்போது தேங்கும் சத்தி ஏறக்குறைய 12 யூல். ஆளியை அணைத்தபின்பும், சுவரிலிருந்து செருகியைக் கழற்றிய பின்பும், இச்சத்தி உள்ளேயே இருக்கும். இதனை வெளியேற்ற ஒவ்வொரு கொள்ளளவிக்கும் குறுக்கே 47,000 ஓம், 5 உவாற்றுத் தடையொன்றை இணைக்கின்றோம். இத்தடைகள் மூன்று கொள்ளளவிகளுக்கும் அழுத்தத்தைச் சமமாகப் பங்கிடவும் செய்யும். அணைத்தபின் அழுத்தம் 50 உவோல்ற்றுக்குக் கீழே இறங்க ஏறக்குறைய 13 விநாடி செல்லும். தடையொன்று அறுந்திருந்தாலோ, 13 விநாடியன்று, மறுநாளும் அதனை நம்பவியலாது.

ஆதலால் உலர்ந்த தடியொன்றின் நுனியிலே கொளுவியொன்றைப் பொருத்தி, அதனைத் தடித்த வடத்தால் கருவியின் உலோக அடித்தளத்தோடு இணைத்து வைத்துக்கொள்க. மூடியைத் திறக்கும்போதெல்லாம், செருகியைக் கழற்றி, முப்பது எண்ணி, இத்தடியால் அனோட்டுத் தொப்பியையும் கொள்ளளவிகளின் நேர்முனையையும் தொட்டு, தடியை அங்கேயே மாட்டிவிட்டுக் கையை நீட்டுக. கருவி இயங்கும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னாலே வைத்துக்கொள்க. மின் ஒரு கையால் ஏறி மறுகையால் இறங்கினால் வழியிலே இதயம் இருக்கின்றது. வெறுங்காலுடன் சீமெந்து நிலத்திலே நின்று இவ்வேலை செய்யற்க. தனியே இருந்தும் செய்யற்க. வீட்டிலுள்ள ஒருவர்க்கு ஆளி எங்கேயுள்ளதென்று காட்டி வைத்தல் வேண்டும்.

அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவோம். அலுமினியத் தகட்டாலான அடித்தளம். வால்வின் கீழே உட்சுற்று, மேலே வெளிச்சுற்று. இரண்டுக்கும் நடுவே தகடே மறைப்பு. கட்டுப்பாட்டு நெய்யரிக்கு 45 உவோல்ற்று மறையழுத்தம், தனி வழங்கியிலிருந்து. திரைக்கு 250 உவோல்ற்று. திரையழுத்தத்தை 750இலிருந்து ஒரு தடையால் இறக்கிக்கொள்வது பழைய வழக்கம். நாம் அதனை விரும்போம். தந்திச் சாவி திறந்திருக்கும்போது திரையிலே ஓட்டமில்லை. ஓட்டமில்லாத தடையிலே இறக்கமுமில்லை. ஆகவே திரை 750க்கே ஏறிவிடும். 105 உவோல்ற்று, 150 உவோல்ற்று அளவினவாகிய ஒளிரும் வாயுக் குழாய்கள் இரண்டைத் தொடராக வைத்தால் 255 உவோல்ற்று அசையாது நிற்கும். அவற்றின் ஊதா ஒளி கண்ணுக்கும் இனிது, வழங்கி நலமாயுள்ளதென்பதற்குச் சான்றுமாகும்.

அனோட்டுக்கும் ஏரியலுக்கும் இடையே நிற்பது, இரு பக்கத்தில் மாறுங் கொள்ளளவியும் நடுவில் சுருளுமாக, கிரேக்க எழுத்துப் பையின் வடிவில் அமைந்த சுற்று. அதன் தொழில் இரண்டு: அனோட்டு வேண்டும் பெருந்தடங்கலை ஏரியல் வடத்தின் 50 ஓமாக மாற்றுதல்; பரிவுற்று நின்று பிற மீடிறன்களை விலக்குதல். அனோட்டின் பக்கம் வேண்டப்படும் சுமை, 750ஐ ஓட்டத்தின் இருமடங்காகிய 0.2 அம்பியராற் பிரிக்க, 3750 ஓம். சுற்றின் தரக்காரணியை 12 என்று கொண்டு 7 மெகாஹேட்சுக்குக் கணித்தால், அனோட்டுப் பக்கக் கொள்ளளவி 73 பிக்கோபரட்டு, ஏரியற் பக்கம் 440 பிக்கோபரட்டு, சுருள் 7.6 மைக்கிரோஹென்றி. ஒன்றரை அங்குல விட்டமும் இரண்டு அங்குல நீளமுமாக 19 சுற்றுகள் சுற்றினால் இச்சுருள் அமையும். அனோட்டுப் பக்கக் கொள்ளளவி தகடுகளுக்கிடையே அகன்ற இடைவெளியுடையதாதல் வேண்டும். ஏரியற் பக்கத்துக்குப் பழைய வானொலிப் பெட்டியில் நிலையம் மாற்றும் கொள்ளளவி போதும். அங்கே அழுத்தம் குறைவு. 50 ஓமிலே 50 உவாற்று என்பது 50 உவோல்ற்றும் ஓர் அம்பியருமே.

முதன்முறை இயக்கும்போது ஏரியலை இணைத்தல் தகாது. 1000 ஓம், 3 உவாற்றுத் தடைகள் இருபதை இணையாகப் பிணைத்தால் 50 ஓம், 60 உவாற்றுடைய போலிச் சுமை கிடைக்கும். கம்பி சுற்றிய தடைகள் இதற்கு ஆகா, அவையே சுருள்களாய்விடும். முதலில் இழைக்கு மாத்திரம் மின் கொடுத்து அரைமணி விடுக. நெடுங்காலம் அலுமாரியிலே கிடந்த வால்வாயின் இன்னும் சில மணி நேரம் விடுதல் நன்று. பின்பு மறையழுத்தம், பின்பு அனோட்டழுத்தம், இறுதியிலே திரை. இவ்வொழுங்கை மாற்றற்க. அனோட்டழுத்தமின்றித் திரைக்கு மாத்திரம் அழுத்தம் கொடுத்தால், அனோட்டுக்குச் செல்லவேண்டிய இலத்திரன்கள் யாவும் மெல்லிய திரைக்கம்பியின்மேல் விழுந்து அதனை உருக்கிவிடும். தொப்பியின் கொளுவி தளர்ந்து கழன்றாலும் இதுவே நிகழும்.

ஏரியற் பக்கக் கொள்ளளவியை முழுதும் மூடி வைத்து, நெய்யரியோட்டம் 3 அல்லது 4 மில்லியம்பியர் வருமளவும் உள்ளலையை ஊட்டி, அனோட்டுப் பக்கக் கொள்ளளவியை விரைவாகத் திருப்புக. ஓரிடத்தில் அனோட்டோட்டம் சடுதியாக இறங்கும். அதுவே பரிவு. பின்பு ஏரியற் பக்கத்தைச் சிறிது திறந்து, மறுபடியும் இறக்கத்தைத் தேடி, இவ்வாறு மாறி மாறிச் செய்துவர, இறக்கத்தின் அடி 100 மில்லியம்பியரில் வந்து நிற்கும்.

இனிப் பழுதுகளுக்கு வருவோம்.

நெய்யரியோட்டமே இல்லையெனில் விரியலாக்கியிலே குற்றந் தேடுதல் வீண். முன்னுள்ள கருவியிலிருந்து அலை வரவில்லை, அல்லது வழியிலே அறுந்துள்ளது. நெய்யரியோட்டம் உண்டு, அனோட்டோட்டம் இல்லையெனில் திரையழுத்தத்தை அளக்க, பெரும்பாலும் அங்கேதான். அனோட்டோட்டம் பெரிது, இறக்கமே காணவில்லையெனில் சுருளும் கொள்ளளவியும் அம்மீடிறனுக்கு எட்டவில்லை. இறக்கம் கிடைத்தும் வெளியே வலு இல்லையெனில் ஐயுறுக: சுற்று 7க்குப் பதிலாக அதன் இரட்டிப்பாகிய 14 மெகாஹேட்சிலே பரிவுற்றிருக்கலாம். மாறுங் கொள்ளளவி ஏறக்குறைய முழுதுந் திறந்த நிலையில் இறக்கம் வந்தால் இது நிகழ்ந்திருப்பது திண்ணம்.

இவையெல்லாம் எளியன. மாணவரை இரவு முழுதும் விழித்திருக்கச் செய்வது வேறொன்று: விரியலாக்கி தானே அலையமாகிவிடுதல். உள்ளே அலை ஊட்டாதபோதும் நெய்யரியோட்டம் காட்டினால் ஐயமில்லை, கருவி தன் வெளிச்சுற்றிலிருந்து தானே எடுத்துத் தனக்கே ஊட்டிக்கொள்கின்றது. இதில் இருவகையுண்டு. வேலைசெய்யும் மீடிறனிலேயே அலைவு எழுமாயின், அனோட்டுக்கும் நெய்யரிக்கும் இடையிலுள்ள சிறுகொள்ளளவே வழி. எதிர்நிலைப்பட்ட அலையைச் சிறு கொள்ளளவியூடாகத் திருப்பி ஊட்டி அதனை நடுநிலையாக்கல் வேண்டும். நடுநிலை செவ்வனே அமைந்ததா என்பதை அறிய ஒரு நுட்பமான சோதனை உண்டு. அனோட்டோட்டத்தின் இறக்கமும், வெளிவலுவின் உச்சமும், நெய்யரியோட்டத்தின் உச்சமும் ஒரே இடத்தில் நிகழுமாயின் அமைந்தது. இடம் மாறி நிகழ்ந்தால் அமையவில்லை.

மற்றது ஒட்டுண்ணி அலைவு. இது வேலைசெய்யும் மீடிறனிலன்றி, நூறு மெகாஹேட்சுக்கும் மேலே எங்கேயோ, இணைப்புக் கம்பிகளின் நீளமே சுருளாகவும் வால்வின் உட்கொள்ளளவே கொள்ளளவியாகவும் எழும். மானிகளின் முள் காரணமின்றித் துள்ளும். நெய்யரித் தடை கருகும். சுருளைத் தொடாமலே பொறி பறக்கும். மருந்து எளிது. நெய்யரிக்கால் அருகிலேயே 47 ஓம் தடை. தொப்பியருகிலே 100 ஓம் கரித்தடையொன்றின்மேல் ஐந்தாறு சுற்றுக் கம்பி. தாழ்ந்த மீடிறன் கம்பியூடாகத் தடையின்றிச் செல்லும். மிகவுயர்ந்தது தடையூடாகச் சென்று மாளும். கம்பிகளைக் குறுக்குவது இவ்விரண்டினும் சிறந்த மருந்து. அழகுக்காக வளைத்து வளைத்துக் கட்டிய கம்பிகளுடைய கருவி, பார்வைக்கு இனிதாயினும் இந்நோய்க்கு உறைவிடம்.

வால்வையே நோக்கியும் சில அறியலாம். கண்ணாடியின் உட்புறத்தே ஒட்டினாற்போல் நீலநிறம் மினுங்குவது குற்றமன்று. மின்வாய்களுக்கிடையே ஊதாப் புகைபோல ஒளி நிறைந்தால் உள்ளே வாயு புகுந்துள்ளது. கண்ணாடியின் உட்புறத்தே வெள்ளி பூசினாற்போல் மினுங்கும் பகுதி பால்வெண்மையாக மாறிவிட்டிருந்தால் காற்றே புகுந்துவிட்டது; அதனை மேசைக்கு அழகாக வைத்துக்கொள்ளலாம்.

நூல்களிலே காணாத பழுதுகளும் நம் மண்ணிலே உண்டு. கடலோரக் கிராமத்து இளைஞர் ஒருவரின் விரியலாக்கி பகலெல்லாம் ஒழுங்காய் இயங்கும். மார்கழி இரவிலே, சாவியைத் தொடாமலே அனோட்டு சிவக்கும். வால்வை மாற்றினார், வழங்கியை மாற்றினார், பயனில்லை. நாம் நோக்கியபோது வழங்கியின் மறையழுத்தம் 45 ஆகவேயிருந்தது. வால்வின் காலிலோ 15 மாத்திரமே. 807இலே திரையின் காலும் கட்டுப்பாட்டு நெய்யரியின் காலும் அடுத்தடுத்துள்ளன. வால்வுத் தாங்கியிலே படிந்த உப்புப்படலம் இரவின் ஈரத்தைக் குடித்து, திரையின் 250 உவோல்ற்றிலிருந்து நெய்யரிக்குச் சிறு ஓட்டமொன்றைக் கசியவிட்டது. ஒரு மில்லியம்பியருக்குச் சற்று மேற்பட்ட அக்கசிவு, நெய்யரிச் சுற்றிலிருந்த 22,000 ஓம் தடையிலே 30 உவோல்ற்றை விழுங்கிவிட்டது. 15 உவோல்ற்று மறையழுத்தத்தில் இவ்வால்வு ஏறக்குறைய 70 மில்லியம்பியர் ஓடவிடும்; 750ஆற் பெருக்க 52 உவாற்று; எல்லையோ 30. தாங்கியை மதுசாரத்தாற் கழுவி, உலர்த்தி, பீங்கான் தாங்கியாக மாற்றியபின் நோய் நீங்கிற்று. வழங்கியில் அளப்பதோடு நில்லாது வால்வின் காலிலும் அளக்கவேண்டுமென்பது இதனாற் புலனாகும்.

பல்லிகள் வேறு. வெப்பத்தை நாடி அவை உள்ளே புகுந்து, நேர்முனைக்கும் அடித்தளத்துக்கும் குறுக்கே பாலமாகி மடிவதோடு சீராக்கியையும் உடன்கொண்டு போகும். காற்றுத் துளைகளுக்கெல்லாம் நுண்ணிய கம்பிவலை அடித்தல் வேண்டும். ஊர் எல்லையிலுள்ள வீடுகளில் மாலைவேளை மின்னழுத்தம் 230இலிருந்து 190க்கு இறங்குவதுண்டு. அப்போது இழைக்கு 6.3க்குப் பதில் 5.2 உவோல்ற்றே கிடைக்கும். இழை தளர்ந்தால் வெளிவலு குறைவதோடு கதோட்டும் கெடும். இழைக்குத் தனி நிலைமாற்றியும், அதன் முதற்சுற்றிலே தெரிந்தெடுக்கக்கூடிய முனைகளும் வைத்தல் சாலச் சிறந்தது.

நிலவிணைப்பையும் குறிப்பிடல் வேண்டும். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண். சோளகக் காலத்திலே அது ஓடுபோல உலர்ந்து மின்னை ஏற்காது. முற்றத்திலே ஆணியடித்துவிட்டு நிலவிணைப்பு உண்டென்று நம்புதல் ஏமாற்றம். கிணற்றடியிலே குளித்த நீர் ஓடிப் பாயும் வாழைப்பாத்தி ஆண்டு முழுதும் ஈரமாயிருக்கும். ஆறடிச் செப்புக்கோலொன்றை அங்கே இறக்கி, தடித்த செப்புக்கம்பியால் கருவியின் அடித்தளத்தோடு பிணைத்தால் போதும். இடி முழங்கும் ஐப்பசி கார்த்திகையிலே ஏரியல் வடத்தைக் கருவியினின்றும் கழற்றி, வீட்டுக்கு வெளியே இதே கோலோடு இணைத்துவிடுக.

அனுமதிப்பத்திரத்தைப் பற்றி ஒரு சொல். இலங்கையிலே இதனை வழங்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. தேர்வில் தேறியோர்க்கு 4எஸ்7 என்று தொடங்குவது போன்ற அழைப்புக்குறி கிடைக்கும். அனுமதியின்றி ஒலிபரப்புதல் குற்றம். பத்திரத்திலே குறித்த வலுவுக்கு மேற்படுதலும் அவ்வாறே. ஆயினும் போலிச் சுமையிலே, மூடிய உலோகப் பெட்டிக்குள்ளே, அலையை வெளியே விடாது விரியலாக்கியை அமைத்துப் பழகலாம். அனுபவமுள்ள ஆர்வலர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களிலே இரண்டு மாணவர் சேர்ந்து ஒன்றை அமைக்க முற்படுவாராயின், முதலிலே செய்யவேண்டியது தடியும் கொளுவியும். சுருளைப் பின்பு சுற்றிக்கொள்ளலாம்.